‘செய்’ என்ற ஒரு சொல்: நன்செய், புன்செய், தரிசு - நம் நிலத்தை வாசிப்பது எப்படி?



நான் 37 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். பிறந்தது காஞ்சிபுரத்தில், ஒரு நெசவாளர் வீட்டில். எங்கள் வீட்டில் நிலம் என்றால் தறிக்குழி தோண்டிய இடம் மட்டும்தான். காலையில் தெருவில் பாவு நீட்டும்போது கால் படக்கூடாது என்று அடி வாங்கி வளர்ந்தவனுக்கு, கழனி வரப்பில் நடக்கக்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட நான்தான் பல வருடம் விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தேன். எதை வைத்து? ஒரே ஒரு தாளை வைத்து. அடங்கல்.

1990களின் நடுவில், ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். ஒரு அம்மா ஒன்றரை ஏக்கருக்குக் கடன் கேட்டு வந்தார். அடங்கலைப் பார்த்தேன். வகை: புன்செய். பயிர் என்ற இடத்தில்: தரிசு. “தரிசுக்கு எப்படிம்மா பயிர்க்கடன் கொடுக்கறது?” என்று கேட்டேன். “தரிசு இல்லீங்க சார், எள்ளு போட்டு எடுத்திருக்கேன். அதுக்கு முன்னாடி வரகு” என்றார். தாளில் இல்லாததை நான் எப்படி நம்புவது? விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நிலத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம். சைக்கிளில் போனால் இருபது நிமிடம். போகவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு கிளைக்கு வரவில்லை. சில வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது அந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தது.

அன்றைக்கு நான் செய்த தவறு கடன் மறுத்தது மட்டும் இல்லை. ‘தரிசு’ என்ற சொல்லுக்கும் ‘செய்’ என்ற சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் இருந்ததும்தான். 2018இல் ஓய்வு பெற்று, நானே நிலம் வாங்கி, கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருபவர்கள் நிலம் வாங்குவதற்கு முன்னும், வாங்கிய பின்னும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று எழுதுகிறேன்.

சொல் எங்கிருந்து வந்தது?

நஞ்சை, புஞ்சை என்று நாம் பேச்சில் சொல்வது நன்செய், புன்செய் என்பதன் திரிபு. நன்+செய், புன்+செய். ‘செய்’ என்றால் வயல். ‘நன்’ என்றால் நல்ல. ‘புன்’ என்றால் எளிய, குறைந்த. நஞ்சைக்கும் நஞ்சுக்கும் உறவு எதுவும் இல்லை. நஞ்சைக் கொட்டிக்கொட்டி நஞ்சையைக் கெடுத்துவிட்டோம் என்று நம் கூட்டங்களில் சொல்வது சிலேடைதான். ஆனால் வலிக்கிற சிலேடை.

இதைவிடப் பழைய பெயர்களும் உண்டு. சங்க இலக்கியத்தில் மென்புலம், வன்புலம் என்று வரும். மெத்தென்ற ஈரமண், இறுகிய மேட்டு மண். அதில் மண்ணின் குணம் இருக்கிறது. மதிப்பெண் இல்லை. நன்செய், புன்செய் என்று வந்தபோதுதான் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்ற எண்ணம் சேர்ந்துகொண்டது. அதோடு சேர்ந்து அங்கே விளைவதும் உசத்தி, மட்டம் ஆனது. நெல் மேலே போய், வரகும் கேழ்வரகும் கீழே வந்தன. இப்போது அதே வரகைச் சிறுதானியம் என்று பொட்டலம் போட்டு அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள்!

ஆனால் இரண்டு சொல்லிலும் பொதுவாக நிற்பது ‘செய்’. தமிழில் அதுவே வினைச்சொல்லும்கூட. ‘வேலையைச் செய்’ என்கிறோம். வயலைக் குறிக்கும் செய்யும், வேலையைக் குறிக்கும் செய்யும் ஒரே வேரா என்று மொழி அறிஞர்கள் பேசட்டும். ஒரு விவசாயியாக எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. யாரோ செய்ததால்தான் அது செய். காடும் மேடும் தானாக இருக்கும். வரப்பு போட்டு, மட்டம் பண்ணி, கால் வெட்டி, எரு அடித்தால்தான் அது செய்.

ஆங்கிலத்தில் விளைநிலத்தை ‘ஆரபிள்’ என்பார்கள். லத்தீனில் உழுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதாவது ‘உழத்தக்க நிலம்’. ஆனால் உழாமலே பயிர் செய்யலாம் என்று ஃபுகோகா ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யில் சொன்னாரே, அவர் நிலத்தை உழத்தக்கது என்று எப்படி அழைப்பது? நம் ‘செய்’ அங்கேயும் பொருந்தும். உழுவது ஒரு செயல். மூடாக்கு போடுவதும் ஒரு செயல்தான்.

பேச்சு வழக்கில் ஊருக்கு ஊர் பெயர் மாறும். எங்கள் பக்கம் நெல் விளைவது கழனி, மேட்டு நிலம் கொல்லை. தஞ்சாவூர்க்காரர் வயல் என்பார். கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்பார்கள். அங்கே ஒருவர் “காட்டுக்குப் போறேன்” என்றால் கடலைக்குக் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

நல்ல செய்யை எது நல்லதாக்கியது?

எங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒரே பதில், ஏரி. பாலாற்றில் வருடம் பூராவும் தண்ணீர் ஓடாது. மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைக்க முன்னோர்கள் ஏரியாக வெட்டினார்கள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறைக் கணக்கில் மட்டும் 900க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. உத்திரமேரூர் ஏரியின் பழைய பெயர் வயிரமேகத் தடாகம். பல்லவர் காலத்தது. இந்த ஏரிகளுக்குக் கீழே இருக்கும் நிலம் நன்செய். மேலே, தண்ணீர் ஏறாத நிலம் புன்செய். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். 919, 921ஆம் ஆண்டுகள். தேர்தல் முறைக்காகத்தான் அதை எல்லோரும் பேசுவார்கள். ஒரு விவசாயி கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, போட்டியிடுபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். நிலம் இருந்தால் போதாது, வரி கட்டும் நிலமாக இருக்க வேண்டும். பதிவேட்டுச் சொல்லுக்கும் மனிதனின் மதிப்புக்கும் உள்ள முடிச்சு 1,100 வருடம் பழையது என்று தெரிகிறது. இரண்டு, அந்த ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனிக்குழு இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊரின் வேலை. ஏரி வாரியம் வேலை செய்யும் வரைதான் நன்செய் நன்செய்யாக இருக்கும்.

பழைய செப்பேடுகளில் ஒரு நிலத்தைத் தானம் கொடுக்கும்போது, உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் சேர்த்து என்று எல்லை சொல்வார்கள். உடும்பு இருப்பது மேட்டில், ஆமை இருப்பது ஈரத்தில். புன்செய்யும் நன்செய்யும் ஒன்றாகத்தான் ஒரு ஊர் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு உதாரணம் வேடந்தாங்கல். ஏரி மரங்களில் அடையும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் கழனிக்கு உரம் தனியாக வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுட விடாமல் காத்தார்கள். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்த உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். அங்கே நன்செய்யை நன்செய் ஆக்கியதில் நத்தைகொத்தி நாரைக்கும் பங்கு உண்டு. எந்தப் பதிவேட்டிலாவது அதற்குக் கலம் இருக்கிறதா?

தரிசு என்றால் என்ன?

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையை 1763இல் ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களில் நிலத்தைக் கணக்கெடுத்தார். பின்னால் ரயத்துவாரி நிர்ணயம் வந்தபோது ஒவ்வொரு புலத்துக்கும் வகை, மண், தரம், தீர்வை என்று எழுதினார்கள். இன்று நம் கையில் இருக்கும் அ-பதிவேட்டின் அடிப்படை அதுதான். 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளைத் திருத்தினார்கள். யார் பெயரில் என்பது பல இடங்களில் மாறியது. மண்ணைப் பற்றிய சொல் பெரும்பாலும் அப்படியே நின்றது.

தரிசு என்ற சொல்லை நாம் பொத்தாம்பொதுவாகப் பயன்படுத்துகிறோம். அரசின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் அது மூன்று வகை:

1. நடப்புத் தரிசு: இந்த வருடம் மட்டும் பயிர் இல்லை.
2. பிற தரிசு: ஒரு வருடத்துக்கு மேல், ஐந்து வருடத்துக்குள் பயிர் இல்லை.
3. பயிரிடத்தக்க தரிசு: ஐந்து வருடத்துக்கு மேல் பயிர் இல்லை, ஆனால் முயன்றால் பயிர் செய்யலாம்.

இவை தவிர, பயிருக்கே ஆகாத நிலம் என்று தனி வகை உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கும் தனி வகை உண்டு. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் இதே ஐந்து வருடக் கோட்டைத்தான் வைத்திருக்கிறது. பயிர் உள்ள நிலம், காய்கறித் தோட்டம், ஐந்து வருடத்துக்குள் சும்மா கிடக்கும் நிலம் ஆகியவை அதன் கணக்கில் விளைநிலம். ‘முயன்றால் விளையும்’ என்பதை அது சேர்ப்பதில்லை. அந்தக் கணக்குப்படி இந்தியாவில் விளைநிலம் 15 கோடி ஹெக்டேருக்கும் சற்று அதிகம்.

ஆகவே தரிசு என்பது மண்ணின் குணம் இல்லை நண்பர்களே. அது ஒரு காலக்கணக்கு. ‘கடைசியாக எப்போது செய்தாய்?’ என்ற கேள்விக்கான பதில். நான் அந்த அம்மாவிடம் சொன்னது போல ‘மோசமான நிலம்’ என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

என் இரண்டு துண்டு நிலம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பக்கத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் வாங்கினேன். 1 ஏக்கர் 10 சென்ட் நன்செய். 1 ஏக்கர் 30 சென்ட் புன்செய், தரிசு. வங்கிக்காரன் அல்லவா, தாளைத்தான் பார்த்தேன். நன்செய்க்குப் பாசன ஆதாரம் ஏரி, இருபோகம் என்று எழுதியிருந்தது. அதற்கு அதிக விலை கொடுத்தேன். சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த புன்செய்யை ‘கொசுறு’ என்று நினைத்தேன்.

முதல் வருடமே நன்செய்யில் தூயமல்லி நட்டேன். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதே, அதற்கு முந்தைய மழை அதுதான். ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை. என் நெல் பால் பிடிக்கும் முன்பே காய்ந்தது. சரி, மழை இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல மழை பெய்த அடுத்த வருடமும் தண்ணீர் வரவில்லை. விசாரித்தால், என்னுடையது கடைமடை. மதகிலிருந்து வரும் கால் நடுவிலேயே தூர்ந்து, பாதி இடத்தில் வரப்போடு வரப்பாகிவிட்டிருந்தது. பக்கத்துக் கழனிப் பெரியவரிடம் போய்ப் பதிவேட்டு நகலைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“சார், நஞ்சைன்னு எழுதினது அரசாங்கம். அதைக் காலுக்கு யார் போய்ச் சொல்றது? தண்ணி வந்தாதான் சார் அது நஞ்சை.”

அவரே இன்னொன்றும் சொன்னார். “உங்க கொல்லை மண்ணைக் கையில எடுத்துப் பார்த்தீங்களா? எங்க அப்பா காலத்துல அங்க கடலை வெட்டி எடுக்க ஆள் பத்தாது.”

சீமைக்கருவேலை வேரோடு எடுத்தோம். சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயர்த்தி, கீழ் மூலையில் ஒரு சின்னக் குட்டை வெட்டினோம். முதல் மழைக்குப் பலதானியம் விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதோம். இரண்டு முறை இப்படிச் செய்த பிறகு, ஆடிப்பட்டத்தில் மானாவாரி வேர்க்கடலை, ஊடே துவரை, வரப்பில் ஆமணக்கு. 40 கிலோ மூட்டையாகப் பன்னிரண்டு மூட்டை கடலை வந்தது. பெரிய விளைச்சல் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அதிக விலை கொடுத்த ‘இருபோக நன்செய்’ அந்த மூன்று வருடத்தில் கொடுத்தது வைக்கோல் மட்டும்தான்.

இது புதுமை இல்லை. நம்மாழ்வார் ஐயா புதுக்கோட்டை மாவட்டத்துக் கொழிஞ்சிப் பண்ணையிலும், பின்னர் கரூர் மாவட்டம் கடவூர் அருகே வானகத்திலும் எடுத்துக்கொண்டது வறண்ட நிலத்தைத்தான். ஆரோவில்லில் 1968இல் வந்து இறங்கியவர்கள் பார்த்தது அரித்துப்போன செம்மண் மேடு. ‘புன்’னாக இருந்ததை அவர்கள் செய்து காட்டினார்கள்.

நன்செய்க் காலை நான்கைந்து பேர் சேர்ந்து இரண்டு கோடையில் தூர் எடுத்தோம். இப்போது சம்பா ஒரு போகம் நிச்சயம். நல்ல மழை வருடத்தில் நவரையும் கிடைக்கிறது. சொர்ணவாரியை இன்னும் எட்டவில்லை.

பாடம்: நிலத்தை மூன்று முறை வாசியுங்கள்

*முதல் வாசிப்பு, பதிவேடு.* பட்டா மட்டும் பார்த்தால் போதாது. அ-பதிவேட்டு நகலும், குறைந்தது ஐந்து வருட அடங்கலும் வாங்குங்கள். அ-பதிவேட்டில் கவனிக்க வேண்டியவை:

- நிலத்தின் வகை: நன்செய்யா, புன்செய்யா, அரசுப் புறம்போக்கா.
- பாசன ஆதாரம்: எந்த ஏரி, எந்தக் கால்.
- இருபோகமா: இது பழைய காலத்துக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.
- மண் வயனமும் ரகமும்: இரண்டு எண்கள் கோடிட்டு இருக்கும். முதலாவது மண் வகை, அடுத்தது அதில் எத்தனையாவது ரகம்.
- தரமும் தீர்வையும்: ஒரே ஊரில் பக்கத்துப் புலத்தோடு ஒப்பிட்டால், அன்றைக்கு எதை நல்ல நிலமாக நினைத்தார்கள் என்று தெரியும்.
- பரப்பு: ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். இந்த ஏர் கலப்பை இல்லை, 100 சதுர மீட்டர். ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏக்கரில் பேசமாட்டார்கள், காணியில் பேசுவார்கள். ஒரு காணி 1 ஏக்கர் 32 சென்ட். அது 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. நிலத் தரகர் காணியைப் பார்த்தவுடன் ஏன் இருபத்துநான்கால் பெருக்குகிறார் என்று இப்போது புரியும்.

*இரண்டாம் வாசிப்பு, ஊர்.* அந்தப் புலத்தை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். மேட்டுக்கொல்லை, பள்ளக்கழனி, களர்மேடு, மடுவங்கரை என்று ஏதாவது பெயர் இருக்கும். களர் என்று ஒரு பெயரில் இருந்தால் மண் பரிசோதனைக்கு முன்பே பாதி பதில் கிடைத்துவிடும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் வடியும், கடைசியாக எப்போது ஏரித் தண்ணீர் பாய்ந்தது என்று மாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். முடிந்தால் மழை பெய்கிற அன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

*மூன்றாம் வாசிப்பு, மண்.* ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, எந்த ஆழத்தில் கடப்பாரை ‘டங்’ என்கிறது என்று பாருங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி முழுக்க உறிஞ்சவிட்டு, மறுபடி ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். முதலில் மணல் படியும், பிறகு வண்டல், மறுநாள் களி. மூன்று அடுக்கும் கண்ணுக்கே தெரியும்.

அதன்பின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களில் ‘வி’ வடிவக் குழியெடுத்து, பக்கவாட்டில் சுரண்டிய மண்ணைக் கலந்து, கால்பங்கிடும் முறையில் அரை கிலோ ஆக்க வேண்டும். எரு கொட்டிய இடம், வரப்பு ஓரம், மரத்தடி இவற்றைத் தவிர்க்கவும். கார அமில நிலை 8.5க்கு மேல் வந்தால் அது களர். உப்பு அளவு கூடியிருந்தால் உவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உவருக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர் கட்டி வடிப்பது. களருக்கு ஜிப்சமும், அதோடு தக்கைப்பூண்டும். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். சான்று பெறும் நிலமாக இருந்தால் ஜிப்சம் போடும் முன் சான்றளிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாசிப்பும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாதபோது மண்ணையும் ஊரையும் நம்புங்கள். ஆனால் தாளைத் திருத்தாமல் விடாதீர்கள்.

சொல்லைக் காப்பாற்றுங்கள்

இது இயற்கை விவசாயிகளுக்கு மிக முக்கியம். நாம் மண்ணைத் தேற்றுவதற்காக ஒரு பருவம் பசுந்தாள் போட்டு மடக்குகிறோம். அடங்கலுக்காகப் பார்வையிட வரும்போது நிலம் வெறுமையாக இருக்கும். ‘தரிசு’ என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இரண்டு வருடம் இப்படி ஆனது. நான் பாடுபட்ட இரண்டு வருடம், தாளில் சும்மா கிடந்த இரண்டு வருடம்! யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு எத்தனை புலம்? நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வெள்ள, வறட்சி நிவாரணத்துக்கும் அடங்கல்தான் ஆதாரம். ஆகவே:

- விதைத்த உடனேயே பயிர் பெயர், பரப்பு, தேதி எழுதிக் கொடுத்து, அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி இவையும் பயிர்தான்.
- நிலத்தின் எல்லை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.
- பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. அது முடியும் முன் அடங்கல் நகலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
- தவறு இருந்தால் ஜமாபந்தியில் மனு கொடுங்கள். நான் கொடுத்தேன். நடப்பு வருடம் திருந்தியது. பழைய இரண்டு வருடமும் தரிசாகவே நிற்கின்றன.

ஒரு வேடிக்கையும் உண்டு. அங்ககச் சான்று வாங்க ஒருவருடப் பயிருக்கு இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாறுகாலம் இருக்க வேண்டும். பல வருடம் ரசாயனம் படாமல் கிடந்த நிலம் என்று ஆவணத்தோடு காட்டினால் அதைக் குறைக்கச் சான்றளிப்பவருக்கு இடம் இருக்கிறது. அப்போது அதே ‘தரிசு’ உங்களுக்குச் சாட்சியாக வரும். சொல்லில் தோஷம் இல்லை. உண்மையாக எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பல போகம் விளையும் பாசன நிலத்தை விதிவிலக்கான சூழலில், கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்கிறது. எடுத்தால் அதே அளவு பயிரிடத்தக்க தரிசை விவசாயத்துக்குத் தயார் செய்ய வேண்டும், அல்லது அதற்குச் சமமான பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருப்பதால், இந்தப் பிரிவு எங்கும் நம்மைக் காக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆனாலும் எந்த வழக்கிலும், எந்த விசாரணையிலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது அந்தப் பதிவேட்டுச் சொல்தான். எங்கள் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். அவர்கள் சொல்வதும் இதுதான்: இது வெறும் நிலம் இல்லை, விளையும் நிலமும் நீர்நிலையும். ஒரு காணி நன்செய் என்பது ஒரு சொல். 24 மனை என்பது இன்னொரு சொல். எந்தச் சொல் நிற்கும் என்பதில்தான் ஓர் ஊரே தொங்குகிறது.

ஓர் எச்சரிக்கை

செய் ஆக்குகிறேன் என்று எல்லாவற்றையும் உழுதுவிட வேண்டாம். மேய்க்கால் நிலம், ஏரியின் நீர்ப்பிடிப்பு, ஓடைக்கரை இவை கணக்கில் புறம்போக்கு. தீர்வைக்கு வெளியே வைத்த நிலம் என்று அர்த்தம். பயனற்றது என்று அர்த்தம் இல்லை. ஆடு மாடு அங்கே மேய்ந்தால்தான் நமக்கு எரு. தண்ணீர் அங்கே நின்றால்தான் கீழே நன்செய். உடும்புக்கும் ஆமைக்கும் இடம் விடுங்கள்.

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவர் மண் லிங்கம். ஐம்பூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. கரைந்துவிடும் என்று அதன்மேல் தண்ணீர் அபிஷேகம் செய்வதில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். அது மண் என்ற எண்ணமே அறுபது வயதுக்குப் பிறகுதான் வந்தது.

இந்த மாதப் பயிற்சி

1. உங்கள் நிலத்தின் அ-பதிவேட்டு நகலையும் கடந்த ஐந்து வருட அடங்கலையும் எடுங்கள். எத்தனை இடத்தில் ‘தரிசு’ என்று இருக்கிறது? அந்தப் பருவத்தில் உண்மையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?
2. உங்கள் ஒவ்வொரு புலத்துக்கும் ஊர் வழங்கும் பெயரை மூத்தவர் இருவரிடம் கேட்டு எழுதுங்கள்.
3. பாசன ஆதாரம் என்று எழுதியிருக்கும் ஏரியிலிருந்து உங்கள் மடை வரை காலோரமாக நடந்து போங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, யார் யார் சேர்ந்தால் எடுக்கலாம் என்று குறியுங்கள்.
4. பக்கத்தில் யாராவது, முக்கியமாகத் தனியாக நிலம் பார்க்கும் பெண்கள், அடங்கலில் தரிசு என்று இருப்பதால் கடன் கிடைக்காமல் இருக்கிறார்களா? அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அருகில் இருந்தால் நானும் வருகிறேன். இப்போது எனக்கு இருபது நிமிடம் சைக்கிள் மிதிப்பது பெரிய விஷயம் இல்லை.